சூளை வாசலில் பேசிய பேச்சு

போன வாரம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெண் பிள்ளைகளின் வருகை பற்றிய ஆய்வுக்காக உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணிடம் மாதாமாதம் ஏன் லீவு போடுகிறாய் என்று கேட்டோம். "வயித்து வலி" என்று சொல்லிவிட்டுப் பாவாடை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் உடனே எழுதிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அந்த வயித்து வலி நம் எல்லோருக்குமே வந்ததுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஒவ்வொருத்தியும் உங்கள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னீர்கள். என் முறை வருவதற்குள் விருத்தாசலம் வந்துவிட்டது. என் கதை கொஞ்சம் நீளம். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னைப் போலவே வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்கள், ஆகவே சிலவற்றை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள், நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

நான் பத்தாவது படித்த வருடத்து மழைக்காலம் அது.

அப்பா விருத்தாசலம் ஜங்ஷனில் பார்சல் மூட்டை தூக்குபவர். படிக்கத் தெரியாது. ஆனால் மூட்டையில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்தின் உருவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். கிழிந்துபோன பார்சல் அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒன்றில் கருவாட்டு வாசனை அடிக்கும், இன்னொன்றில் மாம்பழம், வேறொன்றில் புது ரப்பர் செருப்பு. விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டி, "இது எந்த ஊரு, படி" என்பார். அவருக்குத் தெரிந்த ஊர்தான். என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் படித்ததும் தலையை ஆட்டிவிட்டு அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அந்த அட்டைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

அம்மா செராமிக் கம்பெனியில் வேலை செய்தாள். கம்பெனி என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிடாதீர்கள். ஓட்டை விழுந்த சிமெண்டு ஷீட் போட்ட நீளமான கொட்டகை, அதன் கோடியில் சூளை, சுற்றிலும் கருவேலம் புதர். எங்கள் ஊரில் பொம்மை செய்யும் கம்பெனிகள்தான் அதிகம். அம்மாவின் கம்பெனி கக்கூஸ் கோப்பை செய்தது. மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதும் அச்சைப் பிரித்துக் கோப்பையை வெளியே எடுப்பார்கள். விளிம்பில் நிற்கும் பிசிறுகளை ஈரப் பஞ்சால் துடைத்து வழுவழுப்பாக்குவது அம்மாவின் வேலை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி துடைப்பாள். கொட்டகைக்குள் நுழைந்தாலே முதல் மழை பெய்த தெருவின் வாசனை. பறக்கும் தூள் கண்ணிமை மயிரில்கூட வெள்ளையாய் ஒட்டிக்கொள்ளும். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போவது என் பொறுப்பு. நீலத் தாவணியில் வெள்ளைத் தூளோடுதான் வகுப்பில் போய் உட்காருவேன்.

நாள் முழுக்கக் கோப்பை செய்த அந்தப் பெண்களில் ஒருத்தி வீட்டிலும் கோப்பை கிடையாது. கம்பெனியிலும் கிடையாது. விடிவதற்கு முன்னால், இருட்டிய பிறகு, நடுவில் முடியாமல் போனால் கருவேலம் புதர். இதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாதம் ஒரு தடவை சூளை ஏற்றுவார்கள். அன்றைக்கு மேஸ்திரி குளித்து, விபூதி பூசி, சூளை வாசலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பார். சூடம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு பெண்கள் வரிசையாக நின்று கோப்பைகளைக் கைமாற்றி உள்ளே அனுப்புவார்கள். மாதவிலக்காகித் தூரமான பெண்கள் அந்த வரிசையில் நிற்கக்கூடாது. அவர்கள் நிழல்கூட வாசலில் விழக்கூடாது. விழுந்தால் சூளை கோபித்துக்கொண்டு சாமானை வெடிக்கவிட்டுவிடும். அவர்கள் கொட்டகைக்குப் பின்னால் போய் மண் சலிக்க வேண்டும். தூரம் என்ற பேச்சையே சூளை முன்னால் எடுக்கக்கூடாது என்பதால் அதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். "அவ இன்னிக்கு பின்பக்கம்" என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் துணி காயாது. அதிலும் அந்தத் துணி, யார் கண்ணிலும் படாமல் பாவாடைக்கு அடியில் போட்டுக் காயவைக்க வேண்டிய துணி, காயவே காயாது. ஊசிப்போன வாசனையோடு மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, தொடை இடுக்கெல்லாம் புண்ணாகி நடந்தவர்களுக்கு அது தெரியும். சூளையின் பின்சுவர் மட்டும் எரித்து முடித்த பிறகும் பல நாள் கதகதப்பாகவே இருக்கும். அங்கே சில சாக்குகள் மடித்துக் கிடக்கும். அம்மாவும் மற்ற பெண்களும் துவைத்த துணியை அந்தச் சாக்குகளுக்கு அடியில் விரித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வந்துவிடுவார்கள். மாலையில் எடுக்கும்போது துணி மொறுமொறுவென்றிருக்கும். என் துணியும் அங்கேதான் காய்ந்தது. தூரத்துக்காரிகளின் நிழல் படக்கூடாத சூளை எங்கள் துணியை எல்லாம் முதுகில் வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

நான் ஒன்பதாவது முழுப் பரீட்சை லீவில் பெரியவளானேன். பச்சை ஓலைப் பந்தல், உளுந்தங்களி, மாமன் கொண்டுவந்த ரோஸ் கலர் பட்டுப் பாவாடை எல்லாம் ஆயிற்று. பள்ளிக்கூடம் திறந்ததும் அப்பா ஒரு ஏற்பாடு சொன்னார். படிப்பை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் நான் வெளியே போகக்கூடாது, கொல்லையில் இறக்கிய கீற்றுச் சாய்ப்பில் இருக்க வேண்டும். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அந்த நாட்களில் அப்பா என் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார். தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார். என்னைக் கடந்து போக வேண்டியிருந்தால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தள்ளிப் போவார். ஆனால் அந்த நாட்களிலும் பார்சல் அட்டை வரும். சாய்ப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு, "படி" என்பார்.

இதைப் பற்றி வீட்டில் ஒரு சண்டை நடந்தது. நான் சாய்ப்பில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னைய மட்டும் அந்த நாள்ல கம்பெனிக்கு அனுப்புற," என்றாள் அம்மா. "எனக்குத் தீட்டு இல்லியா?"

"நீ போனா அங்க பின்பக்கம் இருக்குது. போய் குந்திக்கிற," என்றார் அப்பா. "அவ ஸ்கூல்ல பின்பக்கம் இருக்குதா?"



எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ரயில்வே யார்டு. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து அங்கே நிற்கும் பழைய கூட்ஸ் பெட்டிகளின் மறைவுக்குப் போவோம். சில நாள் பெட்டிகள் இருக்காது, எங்காவது ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அப்போது திரும்பி வந்துவிடுவோம். ஆசிரியர்களுக்கு ஒரு கக்கூஸ் இருந்தது. அதன் சாவி ஆபீஸ் கிளார்க்கின் மேஜையில் இருந்தது. அவரிடம் போய் நிற்பதைவிட யார்டு மேல்.

இனி எங்கள் தலைமையாசிரியரைப் பற்றி, எச்செம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். சைக்கிள் ஹேண்டிலில் எப்போதும் ஒரு குடை தொங்கும், மழையில்கூட அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. பத்தாவது பிள்ளைகளுக்குச் சாயந்திரம் தானே உட்கார்ந்து ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பார், பசிக்கும் என்று பொட்டுக்கடலை வாங்கி வைத்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு விரோதி, செராமிக் கம்பெனி. முந்தைய வருடங்களில் சூளை ஏற்றும் நாட்களில் சில கம்பெனிகள் பிள்ளைகளை வேலைக்கு இழுத்துக்கொண்டன. அவர் சைக்கிளில் போய் ஒவ்வொருவராகத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் என் வருகையைப் பார்த்தார். மாதாமாதம் லீவு. விசாரித்தால் அம்மாவின் கம்பெனியில் சூளை ஏற்றுகிற நாட்களும் என் லீவும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. போதாததற்குத் தாவணியில் வெள்ளைத் தூள். அவர் வேறு எப்படி நினைப்பார்?

ஸ்பெஷல் கிளாஸில் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி, கம்பெனிக்குப் போகிறாயா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அப்புறம் ஏன் வருவதில்லை என்றார். வயித்து வலி என்றேன்.

"சூளை ஏத்துற அன்னிக்கா பாத்து வலிக்குமா?"

பையன்கள் சிரித்தார்கள்.  வருகை இனியும் குறைந்தால் பப்ளிக் பரீட்சைக்கு என்னை அனுப்ப முடியாது, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி அப்படி என்றார். அன்றைக்கு என் பங்குப் பொட்டுக்கடலையைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன். வீட்டில் சொன்னால், பரீட்சைக்குத்தான் அனுப்பப் போவதில்லையே, அப்புறம் எதற்குப் பள்ளிக்கூடம் என்று முடிந்துவிடும். எச்செம்மிடம் உண்மையைச் சொல்லவோ எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டில் யாரும் எழுதாத பரீட்சை, நானும் எழுதாமலே போய்விடும் போலிருந்தது.

அடுத்த சூளை ஏற்றும் நாள். நான் கொல்லைச் சாய்ப்பில் இருந்தேன். ஆகவே இனி வருவதை நான் பார்க்கவில்லை. அம்மாவும் அத்தையும் சொல்லிச் சொல்லிக் கேட்டது. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அம்மாவோடு வேலை செய்தவர், ஆளும் குரலும் கம்பெனியிலேயே பெரிசு. இந்தக் காட்சியை அவர்கள் இரண்டு பேரும் பல வருடம் நடித்துக் காட்டியிருக்கிறார்கள். எச்செம்மாக எப்போதும் அம்மாதான் நடிப்பாள்.

பிள்ளையார் பிடித்து வைத்தாயிற்று, மேஸ்திரி சூடத்தை ஏற்றிவிட்டார். அப்போது எச்செம் சைக்கிளைக் கருவேலம் புதரில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே வந்தார். வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் இல்லை. கோப்பை அடுக்குகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அங்கேயும் இல்லை. அம்மாவிடம் வந்து, பெண்ணை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நன்றாகப் படிக்கிற பெண், அதன் வாழ்க்கையைக் கெடுக்காதே, நீதான் இந்தத் தூளில் கிடக்கிறாய், அவளும் கிடக்க வேண்டுமா என்றெல்லாம் பேசினாராம். அம்மா கையில் பஞ்சோடு தலையைக் குனிந்து நின்றாள். மேஸ்திரி முன்னால், சூளை முன்னால் அவள் எதைச் சொல்லுவாள்?

அத்தை அன்றைக்குப் பின்பக்கம். மண் சலித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு எழுந்து, சல்லடையை அப்படியே போட்டுவிட்டு, வரவே கூடாத சூளை வாசலுக்கு வந்து நின்றார்.

"சார், அந்தப் பொண்ணு தூரமாயி வூட்டுல குந்தியிருக்குது. நானும் தூரந்தான், அதான் மண்ணு சலிக்கிறன். எங்களுக்காவது இங்க பின்பக்கம்னு ஒண்ணு இருக்குது. உங்க ஸ்கூல்ல அதுங்க எங்க போவும்?"

மேஸ்திரி சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.  எச்செம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு கழித்துக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கோப்பையின் மேல் மெல்ல உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்தில் அம்மா உட்கார்ந்து காட்டுவதைப் பார்க்க வேண்டும். எச்செம் தண்ணீர் கேட்டார். அம்மா கொடுத்தாள். குடித்துவிட்டுச் சுற்றிலும் அடுக்கியிருந்த கோப்பைகளைப் பார்த்தார். கூரை தொடுகிற அளவுக்குக் கோப்பைகள்.

"இவ்வளவு செய்றீங்களே, நீங்க எங்கம்மா போவீங்க?"

அதைக் கேட்டதும் பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி கருவேலம் புதரைக் கை காட்டினாள். எச்செம் திரும்பிப் பார்த்தால் அங்கே அவர் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. கொட்டகையே சிரித்ததாம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பழுதான கோப்பை ஏதாவது இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அத்தோடு முடியவில்லை. சூளை ஏற்றுவதற்கு முன்பிருந்தே அந்த வாரம் விடாத மழை. சூளையைப் பிரித்தபோது பாதிச் சாமான் விரிசல். நல்ல கோப்பையை விரலால் சுண்டினால் மணி மாதிரி கேட்கும், விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். அன்றைக்குக் கொட்டகை முழுக்கப் பொத்துப் பொத்தென்ற சத்தம்தான் என்றாள் அம்மா. முதலாளி வந்தார். சூளை முன்னால் பேசக்கூடாததைப் பேசியதால் வந்த வினை, பேசியவள் இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நின்றார், ஆனால் முகம் செத்துப்போயிருந்ததாம்.

மேஸ்திரி அதிகம் பேசாதவர். பூஜையில் ஒரு குறை இருந்தாலும் கத்துபவர். அவர் முதலாளியைச் சூளையின் பின்சுவருக்குக் கூட்டிப்போய்ச் சாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் எங்கள் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுங்க ரொம்ப வருசமா இங்க காயுதுங்க மொதலாளி. அப்பல்லாம் சூளை ஒண்ணும் சொல்லல. இப்ப ஈரச் சாமான ஏத்துனோம், வெடிச்சுது."

முதலாளி துணிகளைப் பார்த்தார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அத்தையின் வேலை நிலைத்தது. பெண்கள் அன்று முழுக்க மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலை செய்தார்கள். ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. அந்தச் சாக்குகளை அங்கே யார் கொண்டுவந்து மடித்துப் போட்டது என்று அவர்கள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. பெண்கள் யாரும் போடவில்லை. மஞ்சள் பிள்ளையாரையும் எலுமிச்சம்பழத்தையும் அவர் ஒரு மாதமும் விட்டதில்லை. சாக்குகளையும்தான்.

விரிசல் விட்ட கோப்பைகள் முற்றத்தில் கிடப்பதே ஆகாது, எடுத்துத் தொலையுங்கள் என்று முதலாளி சொல்லியனுப்பினார். மேஸ்திரி சுண்டிச் சுண்டிப் பார்த்து, விரிசல் அதிகம் இல்லாத ஒன்றைத் தட்டுவண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பேச்சுப் பட்ட சாமான் பேச்சுக்குக் காரணமானவரிடமே போகட்டும் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கட்டும் வேலை நடந்தது. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விரித்த தகரத்தில் கதவு. குழி வெட்ட ஆள் வேண்டும் என்று எச்செம் ஜங்ஷனில் கேட்டார். வந்தவர்களில் அப்பாவும் ஒருவர். இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு, ஆசிரியர்களுக்கு இன்னொன்றா சார் என்று கேட்டார். எச்செம் மேலே நின்று, "பொம்பளப் பிள்ளைங்களுக்கு. எல்லா நாளைக்கும்," என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் போதும் என்று மேலே ஏறிய பிறகும், இன்னும் கொஞ்சம் ஆழம் போகட்டும் என்று தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கீழேயிருந்து மண் மட்டும் வந்து விழுந்துகொண்டிருந்தது.

என் வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி எச்செம் மேலதிகாரிக்கு எழுதினார். என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் 'உடல்நலம்' என்று எழுதியதைப் பார்த்தேன். அரசாங்கத்துக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல அவரிடமும் சொல் இல்லை. மன்னித்துவிட்டார்கள்.

அண்மையில் கடலூர்க் கூட்டத்தில் ஓர் அதிகாரி, எல்லாப் பள்ளியிலும் கட்டிக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்னபோது நான் ஏன் முணுமுணுத்தேன் என்று கேட்டீர்களே. எங்கள் கக்கூஸ் அறையின் சாவியைப் பெண்களிடமே கொடுத்தார் எச்செம். பத்தாவது வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். வாளியில் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் அவரே எட்டிப் பார்ப்பார். அவர் மாற்றலாகிப் போன பிறகு சாவி திரும்பவும் ஆபீஸ் மேஜைக்குப் போய்விட்டது. நான் கடைசியாகப் பார்த்தபோது உள்ளே உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்தன. கோப்பை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

கதைக்கு வருகிறேன். அறை வந்துவிட்டது, பரீட்சைக்கும் அனுமதி வந்துவிட்டது. ஆனால் அப்பா தன் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. அம்மா கேட்டால், பார்க்கலாம் என்பார். தமிழும் இங்கிலீஷும் நல்லபடியாக எழுதினேன். கணக்குப் பரீட்சை அன்று விடியும்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பெனிக்குக் கிளம்பாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஹால் டிக்கெட்டோடு கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றேன். நான் நின்ற இடத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இன்னிக்குக் கணக்கு," என்றாள் அம்மா. 

அப்பா டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே தள்ளினார். என் பக்கம் திரும்பாமலே, "ஏறு," என்றார்.

கேரியரில் உட்கார்ந்தேன். அவர் சட்டை என்மேல் படாமல் சீட்டுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது, எப்போது நகரும் என்று தெரியவில்லை. அது சீக்கிரம் நகராது என்று அப்பா இன்ஜினைப் பார்த்தே சொன்னார். சைக்கிளைத் திருப்பி ஜங்ஷனுக்குள் போய், அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேம்பாலப் படிக்கட்டுக்கு வந்தார். அப்போதுதான் திருச்சிப் பாசஞ்சர் வந்து, கூட்டம் முழுக்க எதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா எங்கே போனாலும் எனக்கு முன்னால் நடப்பவர். படியில் ஒரு கால் வைத்தவர் நின்றுவிட்டார். என்னை முன்னால் போகச் சொன்னார். நான் தயங்கியதும் மெதுவான குரலில் சொன்னார்.

"இந்தப் படியில ஒரு நாளு ஒரு காலேஜ் பொண்ணு ஏறுச்சு. பின்னால கறை. அதுக்குத் தெரியல. பயலுவ சிரிச்சானுங்க. நான் மூட்டையோட நின்னு பாத்துக்கினே இருந்தன்." தோளில் சைக்கிளைச் சரிசெய்துகொண்டார். "அதான் உன்னைய வூட்டுல இருக்க சொன்னன்."

 நான் ஏறத் தொடங்கினேன். அவர் எனக்கு ஒரு படி கீழே, ஒட்டியபடியே வந்தார். சைக்கிள் சக்கரம் என் பக்கத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் என் பாவாடையைப் பார்க்க முடியாது, அவர்கள் பார்வைக்கு எல்லாம் நடுவில் அவர் இருந்தார். இறங்கி வருகிற கூட்டம் என்னை ஒரு படி கீழே தள்ளியது. அப்போது அவர் மற்றக் கையை என் தோளில் வைத்து முன்னால் அழுத்தினார்.

"நட. நான் இருக்கன்."

மேலே அவரோடு மூட்டை தூக்குபவர்கள் இருவர் நின்றிருந்தார்கள். என்ன காலையிலேயே மகளோடு என்று கேட்டார்கள். கணக்குப் பரீட்சை என்று அப்பா எனக்காகப் பதில் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கப் படிகளில் இறங்கி, சைக்கிளைக் கீழே வைத்து உருட்டத் தொடங்கிய பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசல் வரை அது என் தோளிலேயே இருந்தது.